அறுநூற்று நாற்பது பக்கச் சம்பந்தி

ரொட்டியின் மேல் கை வைத்துச் சொல்கிறேன்: இனி நான் எழுதப்போவதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. இருந்தால் இந்த ரொட்டியே என்னை அடிக்கட்டும். எங்கள் நாரின் மலைப் பக்கத்தில் இதற்கு மேல் ஓர் ஆணை கிடையாது. ரொட்டியிடம் அடி வாங்கியவன் மறுபடி சாப்பாட்டு விரிப்பின் முன்னால் உட்கார்ந்ததாக எவரும் சொல்லிக் கேட்டதில்லை.

எனக்கு வாய்த்த கேடு படிப்பது. குடிக்கிறவனைத் திருத்த ஊரே கூடும். சீட்டாடுகிறவனைத் திருத்த மாமியார் இருப்பாள். படிக்கிறவனைத் திருத்த ஒருவரும் வருவதில்லை. போகிற போக்கில் இன்னொரு புத்தகத்தைக் கையில் திணித்துவிட்டுப் போகிறார்கள். 'பெய்ஷென் பெரியவர் எதைக் கொடுத்தாலும் படிப்பார்' என்று ஊரில் எனக்குப் பெயர். கழுதைக்கு இப்படித்தான் பெயர் வந்திருக்கும்: எதைக் கொடுத்தாலும் சுமக்கும் என்று.

முன்பெல்லாம் ஒருவனுக்கு எழுபது வயது நிறைந்தால் குதிரை அறுத்து விருந்து வைப்பான். தோளில் அங்கி போர்த்துவார்கள், தலையில் கல்பாக் தொப்பி வைப்பார்கள், சாப்பிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்கு வருவோம். இப்போது அத்தோடு ஒரு புத்தகமும் சேர்ந்துவிட்டது. விருந்துக்குப் போகிற ஒவ்வொருவன் கையிலும் 'என் வாழ்க்கை' என்று ஒன்றைக் கொடுத்து அனுப்புகிறார்கள். குதிரை செரித்துவிடுகிறது. புத்தகம்தான் நெஞ்சிலேயே நிற்கிறது.

இந்தக் கோடையில் படித்ததைச் சொல்கிறேன். வாழ்க்கை வரலாறு எழுதிய எல்லோரும் பனிப்புயலில் பிறந்திருக்கிறார்கள். கால்நடை மருத்துவர் ஒருவர் ஜூலை மாதத்துப் பிறவி. அவருக்கும் பனிப்புயல்தான். ஒற்றைக் கண் ஓநாய் ஒன்றை ஏழு பேர் ஏழு புத்தகங்களில் வெறுங்கையால் கொன்றிருக்கிறார்கள். அந்த ஓநாயின் பொறுமையை நினைத்தால் எனக்குக் கண் கலங்குகிறது. எங்கள் ஆற்றுப் பாலத்தை ஒற்றை ஆளாக நின்று கட்டி முடித்தவர்கள் இதுவரை பதினோரு பேர். பாலம் சற்றுச் சாய்ந்திருப்பதன் காரணம் இப்போதுதான் விளங்குகிறது: பதினோரு பேரும் ஒருவரோடு ஒருவர் கலந்து பேசவில்லை.

மனைவி என்பவள் இந்தப் புத்தகங்களில் ஒரே ஒரு வரியில் வருவாள். 'அந்த ஆண்டு புது டிராக்டர் வந்தது, எனக்குத் திருமணமும் நடந்தது.' இதை என் மனைவி உம்சுனாயிடம் வாசித்துக் காட்டினேன்.

"பொண்டாட்டிக்கு ஒரு வரி. டிராக்டருக்கு எத்தனை பக்கம், எண்ணிப் பாருங்க" என்றாள்.

எண்ணினேன். பன்னிரண்டு. அதில் இரண்டு, டிராக்டரின் குணநலன் பற்றி.

நாவல்கள் தலைநகரத்திலிருந்து வருகின்றன. அவற்றை எழுதுகிறவர்கள் மெலிந்த வாலிபர்கள். கதாநாயகன் சன்னல் வழியாக மலையைப் பார்ப்பான். மூன்று அத்தியாயம் பார்ப்பான். மலைக்கே கூச்சமாகிவிடும். அப்புறம் ஒரு பெண் வருவாள். அவளும் அதே மலையைப் பார்ப்பாள். கடைசியில் ஒரு குதிரை அழும். நான் பிறந்ததிலிருந்து குதிரைகளோடு இருக்கிறேன். குதிரை அழாது. ஒரே ஒரு தடவை குதிரை சிரித்துப் பார்த்திருக்கிறேன். மாவட்டத்திலிருந்து வந்த ஆய்வாளர் புதுக் காலணியோடு சாணிக் குழியில் இறங்கியபோது. அப்போதுகூட மரியாதைக்காக முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டுதான் சிரித்தது.

மொழிபெயர்ப்பு நாவல் ஒன்று வந்தது. ஒரு மகன் தன் அப்பாவோடு நானூறு பக்கம் பேசாமல் இருக்கிறான். ஏதோ பரிசுகூடக் கொடுத்திருக்கிறார்களாம். எங்கள் தெருவில் அதற்குப் பெயர் சாதாரணச் செவ்வாய்க்கிழமை.

இவ்வளவிலும் எனக்குப் பிடித்தது ஒரு கொலைக் கதை. கொலைகாரன் யாரென்று கடைசிப் பக்கத்தில்தான் தெரியும். அந்தக் கடைசிப் பக்கத்தை அச்சகத்தில் சேர்த்துத் தைக்க மறந்துவிட்டார்கள். அருமையான புத்தகம். இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். எனக்கு அந்த ஜூலை மாதத்துக் கால்நடை மருத்துவர் மேல்தான் சந்தேகம். அவர் அந்தக் கதையில் வரவே இல்லை என்பது வேறு விஷயம்.

என் அபிப்பிராயத்தை மட்டும் நம்ப வேண்டாம். வீட்டின் பின்னால் பால் கறக்கிற பெட்டைக் குதிரை ஒன்று கட்டியிருக்கிறேன். கோடையில் குதிரைப் பாலை அடிக்கடி கறந்தாக வேண்டும். உம்சுனாய் கறப்பாள், நான் குட்டியைப் பிடித்துக்கொண்டு உரக்கப் படிப்பேன். நல்ல புத்தகம் என்றால் அன்றைய பாலைப் புளிக்கவைத்த குமிஸ் தேன் மாதிரி இருக்கும். மலையைப் பார்க்கிற நாவல் என்றால் பால் பாதியாகக் குறையும். ஓநாய் செத்த ஏழாவது புத்தகத்துக்குப் பிறகு, கறந்த பால் நேரே தயிராகவே வந்தது. தலைநகரத்தில் பத்திரிகைகளுக்கு மதிப்புரை எழுதுகிறவர்களிடம் இப்படி ஒரு குதிரை இருந்தால் நாட்டில் காகிதம் மிச்சமாகும்.

இப்படி இருக்கையில் என் மகள் சைகால் ஒருநாள் வந்தாள். கையில் துணியில் சுற்றிய ஏதோ. ரொட்டி என்று நினைத்தேன்.

"அப்பா, உங்களால எனக்கு ஒரு காரியம் ஆகணும்."

"சொல்லு தாயி."

"மாமனார் புஸ்தகம் அச்சாகி வந்துடுச்சு."

சுற்றிய துணியை அவிழ்த்தாள். 'கணவாயும் நானும்'. அறுநூற்று நாற்பது பக்கம். அட்டையில் என் சம்பந்தி ஜும்கல்பெக், கணவாய்க்கு முன்னால் நிற்கிறார். கணவாய் தெரியவில்லை.

சம்பந்தி சாலைத் துறையில் இருந்து ஓய்வுபெற்றவர். கணவாயில் பனி தள்ளுகிற வண்டி ஓட்டி, பிறகு அந்த வண்டிகளுக்கெல்லாம் அதிகாரியானவர். கெட்டவர் இல்லை. வாய் மட்டும் மூடாது. இரண்டு வருஷமாக அவர் சொல்லச் சொல்ல இந்தப் புத்தகத்தைக் கணினியில் அடித்தவள் என் மகள்.

"ஒரு கையால டீ ஊத்திக்கிட்டு ஒரு கையால அடிச்சிருக்கேன் அப்பா. எங்களை எப்பவோ தனிக்குடித்தனம் வெச்சிருக்கணும். கடைக்குட்டிதானே அந்த வீட்டுல இருக்கணும், நாங்க மூத்தவங்க. மேட்டுத் தெரு வீடு பூட்டியே கிடக்கு. கேட்டா, 'புஸ்தகம் முடியட்டும், புஸ்தகம் முடியட்டும்'ங்கறார்."

"முடிஞ்சிடுச்சே?"

"இது அவருக்கு நாப்பது வயசு வரைக்கும்தான்."

உம்சுனாய் அடுப்படியிலிருந்து, "யா அல்லா, பாக்கி முப்பது வருஷம் இருக்கா?" என்றாள்.

"அதான் சொல்ல வந்தேன். எழுபதாம் வயசு விருந்துல புஸ்தகத்தை வெளியிடுறார். 'உங்க அப்பா படிச்ச மனுஷன், அவர் எந்திரிச்சு நல்லதா ரெண்டு வார்த்தை சொல்லட்டும், அந்தச் சந்தோஷத்துலயே மேட்டுத் தெரு வீட்டுச் சாவியை உங்க கையில குடுத்துடறேன்'னு எல்லார் முன்னாலயும் சொல்லிட்டார். அப்பா, ரெண்டே வார்த்தை. நல்லதா."

"தாயி, நான் புஸ்தகத்தைப் பத்திப் பொய் சொன்னதில்லை."

"குதிரையைப் பத்திச் சொல்லும்போது மட்டும் வாய் எப்படிப் போகுது?" என்றாள் உம்சுனாய்.

"குதிரை வேற. குதிரையை எவனும் அச்சடிச்சு ஊரெல்லாம் குடுக்கறதில்ல."

"நீங்க நியாயம் பேசிட்டு இருங்க. நான் ரெண்டாம் பாகம் அடிச்சே கிழவியாயிடறேன்" என்று சொல்லிவிட்டு மகள் துணியை மடித்து எடுத்துக்கொண்டு போனாள். புத்தகத்தை வைத்துவிட்டுப் போனாள்.

படித்தேன். என்ன செய்வது.

முதல் பக்கத்தில் பனிப்புயல். சரி, அவர் நிஜமாகவே ஜனவரியில் பிறந்தவர், விட்டுவிடலாம். பிறகுதான் வினோதம் ஆரம்பித்தது. எங்கள் பெண்கள் மாமனார் பெயரை வாயால் சொல்ல மாட்டார்கள். சைகால் வாயால் மட்டுமல்ல, விரலாலும் சொல்ல மாட்டேன் என்றிருக்கிறாள். ஆகவே புத்தகம் முழுவதும் ஜும்கல்பெக் என்ற பெயரே கிடையாது. சின்ன வயதில் அவருடைய அம்மா, 'எங்கள் வீட்டுப் பெரியவரே, எழுந்து வந்து பால் குடியுங்கள்' என்று அவரைக் கூப்பிடுகிறாள். அப்போது அவருக்கு நான்கு வயது. பள்ளிக்கூடத்து வாத்தியார் பிரம்பை ஓங்கிக்கொண்டு, 'எங்கள் வீட்டுப் பெரியவரே, கையை நீட்டுங்கள்' என்கிறார். மாஸ்கோவிலிருந்து வந்த ஓர் அமைச்சர் மேடையில் அவரை அணைத்துக்கொண்டு, 'எங்கள் வீட்டுப் பெரியவரே, இந்தாருங்கள் பதக்கம்' என்கிறார். அச்சுப் பிழை பார்த்தவனும் விட்டுவிட்டான். மருமகள் மரியாதையில் எவன் கை வைப்பான்?

இதை மட்டும் நான் குறை என்று சொல்ல மாட்டேன். புத்தகத்தில் சிரிக்க வேறு இடமில்லை.

மீதியெல்லாம் சகிக்க முடியாதவை. பள்ளத்தில் சரிந்த பேருந்தைத் தம் தோளால் தாங்கி நாற்பது பேரைக் காப்பாற்றியதாக எழுதியிருக்கிறார். அந்தப் பேருந்தில் நான் இருந்தேன். காப்பாற்றியது பின் இருக்கையில் இருந்த பாதாம்பழக்காரி. மலைப் பக்கமாக உட்கார்ந்தவள், எவ்வளவு கேட்டும் எழுந்திருக்க மறுத்துவிட்டாள். அவள் உட்கார்ந்திருந்ததால் வண்டி நின்றது. கடைசியில் அவளை இறக்கியபோது வண்டி நிமிர்ந்து, மலை ஒரு சாண் சாய்ந்தது. நடந்தது இதுதான். நடந்ததை அப்படியே எழுதினால் என்ன கெட்டுவிடும்? எனக்கு இந்த மிகைப்படுத்துகிற ஆட்களைக் கண்டாலே ஆகாது.

'தார் பற்றி என் கருத்துகள்' என்று ஓர் அத்தியாயம். முப்பது பக்கம். அதைப் படித்துக்கொண்டிருந்தபோது குதிரை தலையைத் தூக்கி என்னைப் பார்த்தது. பிறகு குட்டியைப் பார்த்தது. பிறகு இரண்டும் சேர்ந்து வேலியைத் தாண்டி, ஆற்றைக் கடந்து, எதிர்க்கரையில் எழுதப் படிக்கத் தெரியாத ஒருவன் வீட்டு முற்றத்தில் போய் நின்றுகொண்டன. திரும்ப அழைத்து வர, புத்தகத்தை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருக்கிறேன் என்று கையை விரித்துக் காட்ட வேண்டியிருந்தது.

விருந்து நாளும் வந்தது. ஊரிலேயே பெரிய கூடம். விரிப்பு நிறைய பழம், பொரித்த மாவுருண்டை, நெய், எல்லோர் தட்டுக்கும் பக்கத்தில் ஒரு 'கணவாயும் நானும்'. சம்பந்தி வெள்ளைத் தொப்பியும் பூப்போட்ட அங்கியுமாக நடுவில் உட்கார்ந்திருந்தார். சைகால் ஓரத்தில், தேநீருக்குத் தண்ணீர் கொதிக்கிற சமோவார் பக்கத்தில். அவளுடைய புருஷன் ஏர்மெக் அவளுக்குப் பக்கத்தில் கிண்ணம் அடுக்கிக்கொண்டிருந்தான். மேட்டுத் தெரு வீட்டுச் சாவி, சிவப்பு நாடா கட்டி, சம்பந்தியின் தட்டுக்கு அருகில் கிடந்தது. மகள் அதையே பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

விருந்தை நடத்துகிறவன் தொக்தோசுன். ஒலிவாங்கியைப் பிடித்துப் பிறந்தவன். அவன் ஒவ்வொருவராக எழுப்பினான். மாவட்ட அலுவலகத்துத் துணைத் தலைவர் புத்தகத்தைக் கையில் ஏந்தி ஆட்டிப் பார்த்து, "கனமான புத்தகம். இப்பல்லாம் இவ்வளவு கனமா யாரும் எழுதறதில்ல" என்றார். அடுத்தவர் காகிதம் வெள்ளையாக இருப்பதைப் பாராட்டினார். சம்பந்தியின் பழைய சகா ஒருவர் அட்டைப் படத்தைக் காட்டி, "அசல் இவரே மாதிரி இருக்கார்" என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஒருத்தரும் புத்தகத்தைத் திறக்கவில்லை. சம்பந்தி ஒவ்வொருவருக்கும் தலையசைத்தார். அசைக்க அசைக்க, முகம் கொஞ்சம் கொஞ்சமாக வாடியதை நான் கவனித்தேன்.

பிறகு வெந்த ஆட்டுத் தலை வந்தது. சம்பந்தி முறைக்கு அதை என் முன்னால் வைத்தார்கள். தலை வந்தவன் சும்மா தின்றுவிட முடியாது. கத்தியை எடுத்து, ஒவ்வோர் உறுப்பையும் உரியவருக்கு அறுத்துக் கொடுக்க வேண்டும். கண், நெருங்கியவருக்கு. என்றும் நம்மைப் பார்த்துக்கொண்டே இருக்கட்டும் என்று. காது, சின்னப் பிள்ளைகளுக்கு. பெரியவர்கள் சொல்வதைக் கேட்கட்டும் என்று. கொடுத்ததை மறுக்கக் கூடாது, கொடுத்தவன் திரும்ப வாங்கவும் கூடாது. மாற்றிக் கொடுத்ததால் பெண் எடுத்த வீடும் கொடுத்த வீடும் பேச்சை நிறுத்திக்கொண்டதை நான் பார்த்திருக்கிறேன்.

சம்பந்திக்குக் கண் என்று முடிவு செய்துதான் கத்தியை எடுத்தேன். அந்தச் சமயம் பார்த்து தொக்தோசுன் ஒலிவாங்கியை என் மூக்குக்குக் கீழே நீட்டினான்.

"இப்போ நம்ம ஊரு அறிவுக் களஞ்சியம் பெய்ஷென் பெரியவர் பேசுவார்! சொல்லுங்க ஐயா, புஸ்தகம் எப்படி? தார் பத்தின அத்தியாயம் அபாரம்னு கேள்விப்பட்டேன்!"

தார் என்று அவன் சொன்னதும் எனக்குள் அந்த முப்பது பக்கமும் கொதித்து மேலே வந்தன. கத்தி பாட்டுக்கு அறுத்தது. கை பாட்டுக்கு நீண்டது. சம்பந்தி இரண்டு கையாலும் வாங்கிக்கொண்ட பிறகுதான் பார்த்தேன்.

காது.

எழுபது வயதுக்காரருக்கு, அவருடைய விருந்திலேயே, எல்லோர் முன்னாலும், காது.

கூடத்தில் மெல்லுகிற சத்தம் நின்றது. சமோவார்கூடக் கொதிப்பதை நிறுத்தியது. உம்சுனாய் பெண்கள் வரிசையிலிருந்து, "கிழம் பிடிச்சு ஆட்டிடுச்சு" என்றாள், எனக்குக் கேட்கிற மாதிரி. சம்பந்தி உள்ளங்கையில் இருந்த காதைப் பார்த்தார். மறுக்க முடியாது. வாயில் போட்டு, மென்று, விழுங்கினார். நீண்ட நேரம் மென்றார். ஆட்டுக் காது அப்படித்தான்.

"என்ன சம்பந்தி, நான் சின்னப் பையனா?" என்றார். இடது கை, சாவியைத் தட்டின் அடியில் தள்ளியது.

மகள் முகத்தை நான் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் பேச்சு வந்திருக்காது.

"அப்படி இல்ல சம்பந்தி. நீங்க பேசியாச்சு. அறுநூத்தி நாப்பது பக்கம் பேசியாச்சு. இனிமே மத்தவங்க சொல்றதைக் கேக்கற முறை உங்களுது. புஸ்தகம் எழுதினவனுக்குக் காதுதான் மரியாதை. பழைய வழக்கம்."

அந்த வழக்கத்துக்கு அப்போது வயது ஒரு நொடி. ஆனால் எதிர் வரிசையில் பல்லில்லாத கிழவர் ஒருவர் உடனே, "ஆமாமா, எங்க அப்பா காலத்துலயே உண்டு" என்றார். "எங்க தாத்தா ரெண்டு காதும் வாங்கினாரு" என்றார் பக்கத்தில் இருந்தவர், விட்டுக்கொடுக்காமல். இன்றைக்கு நாரின் முழுவதும் புத்தக விருந்து என்றால் எழுதியவருக்குக் காதுதான். போய்ப் பாருங்கள்.

சம்பந்தியின் தோள் தளர்ந்தது. "அப்போ சரி. கேக்கறேன். சொல்லுங்க. புஸ்தகம் எப்படி?"

தப்பித்தேன் என்று நினைத்தவனை மறுபடி அதே குழியில் இறக்கிவிட்டார்.

"முழுசாப் படிச்சேன்" என்றேன். இது உண்மை. சொல்லக்கூடிய உண்மை அது ஒன்றுதான் இருந்தது.

"முழுசாவா?"

"முழுசா."

"தார் அத்தியாயமும்?"

"அடிக்குறிப்போட."

சம்பந்தி கூடத்தை ஒரு சுற்றுப் பார்த்தார். "வேற யாராவது?" என்றார் மெதுவாக. அத்தனை பேரும் தட்டில் இருந்த நூடுல்ஸை முதன்முதலாகக் காண்பவர்கள்போலக் குனிந்துகொண்டார்கள். துணைத் தலைவர் புத்தகத்தைத் தட்டுக்கு அடியில் இருந்து எடுத்தார். சூடு தாங்க வைத்திருந்தார்.

"ஒருத்தர். ஒரே ஒருத்தராவது படிச்சிருக்கீங்க" என்றார் சம்பந்தி. "எந்த இடம் பிடிச்சுது, சம்பந்தி? பேருந்தா? பதக்கமா?"

எரிச்சலில் அறுநூற்று நாற்பது பக்கத்தையும் மனசுக்குள் புரட்டினேன். ஓரிடத்தில் நின்றது. எனக்கே ஆச்சரியம்.

"ஒரு அரைப் பக்கம்" என்றேன். "பனி விழுந்து வழி மூடினதும் நீங்க வண்டிக்குள்ளயே மாட்டிக்கிட்டீங்க. அரை ரொட்டி, ஒரு வெங்காயம். பயத்துல பாட்டுப் பாடினீங்க. பாட்டுல பாதி மறந்து போச்சு, அதனால தெரிஞ்ச ஒரே வரியை விடியற வரைக்கும் பாடினதா எழுதியிருக்கீங்க. வெங்காயத்தைத் தின்ன மனசு வரல, கூட இருக்கற ஒரே உசிரு அதுதான்னு. சம்பந்தி, மத்த பக்கமெல்லாம் உங்க உடுப்பும் பதக்கமும் எழுதினது. அந்த அரைப் பக்கம்தான் நீங்க. இந்த வருஷம் நான் படிச்ச நாவல் எதுலயும் அப்படி ஒரு வெங்காயம் இல்ல."

சம்பந்தி தொப்பியைக் கழற்றினார்.

"அதை நான் எழுதச் சொல்லவே இல்லையே" என்றார். சமோவார் பக்கம் திரும்பினார். "சைகால்?"

"டீ குடிக்கும்போது ஒருநாள் சொன்னீங்க மாமா. அடிக்கணும்னு சொல்லல. நல்லா இருந்துச்சு. அடிச்சுட்டேன்."

சம்பந்தி கண்ணைத் துடைத்தார். நான் நிம்மதியாக ஒரு துண்டு இறைச்சியை வாயில் போட்டேன். போட்டிருக்கக் கூடாது.

"அப்போ முடிவே பண்ணிட்டேன்!" என்று எழுந்து நின்றார். "ரெண்டாம் பாகமும் என் மருமகதான்! இவ்வளவு அருமையான புள்ளையை எப்படி அனுப்பறது? மேட்டுத் தெரு வீட்டை அப்புறம் பாத்துக்கலாம். நாளைக்கே ஆரம்பிக்கறோம்!"

கூடம் கை தட்டியது. தொக்தோசுன் ஒலிவாங்கியில் வாழ்த்துப் பாடினான். ஏர்மெக் கையில் இருந்த கிண்ணம் விழுந்து உடைந்தது. மகள் என்னைப் பார்த்தாள். நான் ஓநாய்களைப் பார்த்திருக்கிறேன், சாலைத் துறை ஆய்வாளர்களைப் பார்த்திருக்கிறேன். அப்படி ஒரு பார்வையைப் பார்த்ததில்லை. உண்மையான அபிப்பிராயம் சொன்னால் இதுதான் கிடைக்கும். கனமான புத்தகம் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்திருக்கலாம்.

இறைச்சியை விழுங்கிவிட்டு நானும் எழுந்தேன்.

"சம்பந்தி, காதைத் தின்னாச்சுல்ல?"

"தின்னாச்சு."

"முழுசா?"

"நீங்கதான் பாத்தீங்களே, கால் மணி நேரம் மென்னேன்."

"நான் உங்களைவிட எட்டு மாசம் மூத்தவன். காதைத் தின்னவன் பெரியவங்க பேச்சைக் கேக்கணும். இன்னைக்குக் கேக்கலன்னா அந்த ஆடு எதுக்குச் செத்துச்சு?"

பல்லில்லாத கிழவர், "அதுவும் பழைய வழக்கம்" என்றார். அவருக்கு என்ன கொடுத்தாலும் தகும்.

சம்பந்தி என்னையே பார்த்தார். "சொல்லுங்க."

"சாவியை எடுங்க. சின்னஞ்சிறுசுங்க தனியா அடுப்பு மூட்டட்டும். அவ இந்த வீட்டுல இருந்தவரைக்கும் நல்ல மருமகளா இருந்தா, உங்க பேரைக்கூட விரலால தொடல."

"அப்போ ரெண்டாம் பாகம்? முப்பது வருஷம் இருக்கே! யாரு அடிப்பா? இந்தக் கூடத்துல படிக்கறவனே ஒருத்தன்தான் இருக்கான்!"

அந்தக் கேள்விக்குப் பதில் கூடத்தில் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. எனக்கும். உம்சுனாய் கண்ணை மூடிக்கொண்டாள்.

"நான் அடிக்கறேன்" என்றேன்.

சாவி, சிவப்பு நாடாவோடு, அந்தக் கூடத்தைத் தாண்டி மகள் கைக்குப் போனது. அவளும் ஏர்மெக்கும் விருந்து முடியும்வரைகூட இருக்கவில்லை. சம்பந்தி மனசு மாறுவதற்குள் போர்வையையும் பாத்திரத்தையும் வண்டியில் ஏற்றிவிட்டார்கள். இப்போது மேட்டுத் தெரு வீட்டில் புதுத் திரை தொங்குகிறது. அந்த வீட்டில் எந்த இயந்திரமும் எழுத்து அடிப்பதில்லை. மருந்துச் சீட்டைத் தவிர அச்சான காகிதம் எதையும் அவள் உள்ளே விடுவதில்லை.

சம்பந்தி என் வீட்டுக்குக் காலையில் வருகிறார். தன் கிண்ணத்தைத் தானே கொண்டுவருகிறார், அதிக நேரம் இருக்கப்போகிறவரின் அடையாளம் அது. நான் ஒற்றை விரலால் அடிக்கிறேன். அவர் பேருந்தை மறுபடி தூக்குகிறார். "வெங்காயம் மாதிரி ஏதாவது சொல்லுங்க சம்பந்தி" என்று கெஞ்சுகிறேன். "அது சின்ன விஷயம், அதுக்கெல்லாம் நேரமில்ல, இப்போ நாம நாப்பத்தோராவது வயசுல வந்த பல்வலிக்கு வந்திருக்கோம்" என்கிறார். பல் ஒன்றுக்கு ஓர் அத்தியாயம் என்று திட்டம். இன்னும் கடைவாய்க்கே வரவில்லை. குதிரை எதிர்க்கரையிலேயே தங்கிவிட்டது. இந்த முறை கையை விரித்துக் காட்டியும் நம்பவில்லை.

உம்சுனாய் கேட்டாள், "ஒரு மகளுக்காக இவ்வளவு தேவையா?" என்று. தகப்பன் என்றால் அப்படித்தான் என்று சொன்னேன்.

எனக்குப் பிறந்த மூன்றும் பையன்கள். ரொட்டி இன்னும் என்னை அடிக்கவில்லை.